மீன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

தாத்தா இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு நான்தான் தபால்காரி. ஒன்பது வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கிறவர்கள் பேசாமல் எத்தனை நாள் தள்ள முடியும்? அதனால் "சித்தப்பாகிட்டச் சொல்லு", "உங்கப்பாவைக் கேளு" என்று இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சில சமயம் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம் சொன்னால்தான் அது சொன்னதாகும். வாளி வேணுமாம், சாவி வேணுமாம், கொல்லைக் கதவைச் சாத்தணுமாம் என்று அந்த வருஷம் நான் பேசியதில் பாதி 'ஆம்' போட்டுத்தான் முடிந்தது.

தபாலைப் பிரித்துப் படிக்கிற தபால்காரி நான். அப்பா, "துரைக்கு எப்ப ஒழியுமோ, அப்ப வாளியைக் கொடுக்கச் சொல்லு" என்பார். நான் போய், "சித்தப்பா, அப்பாவுக்கு வாளி வேணுமாம்" என்பேன். முள்ளை எடுத்துவிட்டு மீனைக் கொடுக்கிற வேலை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. தாத்தா போன பதினேழாம் நாள் கூடத்தின் நடுவே ஒரு மூங்கில் தட்டி வந்தது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். கொல்லையும் கிணறும் பொது. பெண்களும் பேசக் கூடாது என்று சட்டம். அம்மாவும் சித்தியும் அதை மீறவே இல்லை. துவைக்கிற துணியைப் பார்த்து அம்மா ஏதாவது சொல்வாள். சித்தி தன் கையிலிருக்கிற துணியைப் பார்த்து அதற்குப் பதில் சொல்வாள். இப்படியே குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவது என்பது வரைக்கும் பேசி முடிப்பார்கள்.

சண்டைக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தாத்தாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, கழற்றி மாட்டுவது எல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு. அப்பாவுக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். போன சித்திரையில் ஒருநாள் விடிவதற்குள் சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு மணப்பாறைச் சந்தைக்குப் போனார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். பன்னிரண்டு மணி வாக்கில் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதோ வண்டி வந்துவிடும், டாக்டரைப் பின்னால் ஏற்றிக் கூட்டி வந்துவிடலாம் என்று அப்பா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் குதிரை வண்டி பிடித்து ஏற்றினார்கள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் தாத்தாவின் மூச்சு அடங்கிவிட்டது.

சித்தப்பா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். கையெல்லாம் முழங்கை வரை கறுப்பு. உள்ளே கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, வாசல்படியிலேயே நின்று, "செயின் கழண்டு விழுந்துடுச்சுண்ணே, ஆளில்லாத ரோடு, தள்ளிக்கிட்டே வந்தேன்" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. கூடியிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தார்.

"கேட்டுக்கங்க. செயின் கழண்டுச்சாம்."

அதுதான் அப்பாவும் சித்தப்பாவும் கடைசியாகப் பேசிய பேச்சு. சித்தப்பா நேரத்துக்கு வரவில்லை, அதனால் சண்டை என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனால் எங்களை வெளியே நிறுத்துவார்கள். அது ஒரு பீரியடோடு முடிந்துவிடும். இது ஏன் முடியவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்த சித்திரை வந்தது. தாத்தாவின் முதல் வருஷத் திதிக்கு ஒரு வாரம் இருந்தது. அம்மாமண்டபம் படித்துறையில் திதி கொடுத்து வைக்கிற ஐயர், அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்காருகிறார்களா, தனித்தனியா என்று இரண்டு முறை ஆள்விட்டுக் கேட்டுவிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்ப இருவருக்கும் வாய் வரவில்லை. அம்மா அன்றைக்கு ஈரத் துணியைப் பார்த்து, "ரெண்டு புள்ளையும் ஆளுக்கொரு படியில உட்கார்ந்து பிண்டம் வெச்சா, அந்த மனுசன் யார்கிட்டப் போவாரு?" என்றாள். அது என் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் படித்துறையில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் தடுமாறுவதை நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன்.

அந்த வாரம்தான் அப்பாவை மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்குக் கணக்கெழுத மாற்றினார்கள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. கொல்லையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த வண்டியை அப்பா ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு திறந்தார். செயின் துருவேறிக் கிடந்தது. அது சுற்றுகிற பல்சக்கரங்களில் பல்லெல்லாம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது. பாலக்கரை மெக்கானிக் நாலு நாள் ஆகும் என்றான். அப்பாவோ திங்கட்கிழமை மில்லில் இருக்க வேண்டும். தானே மாட்டிவிடுவதென்று தீர்மானித்தார். அவர் அதுவரை ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

புதுச் செயினுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சித்தி என்னைக் கூப்பிட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு கனமான பொட்டலத்தைக் கொடுத்தாள். ஒரு செயின், பின்சக்கரத்துக்கு ஒரு பெரிய பல்சக்கரம், என்ஜின் பக்கத்துக்கு ஒரு சின்னது. தாத்தா காரியம் முடிந்த மறுநாளே சித்தப்பா போய் வாங்கி வந்ததாம். வாங்கியவர் அதைப் பரணில் போட்டுவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லையாம். அப்பா வானத்திலிருந்து விழுந்ததைப்போல அதை வாங்கிக்கொண்டார். ஏது என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கம்பியால் முடிந்து மாட்டியிருந்த பழைய செயினைக் கழற்றிக் கீழே போட்டார் அப்பா. அது பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. அப்புறம் என்ஜின் பக்கத்து மூடியைத் திறந்து, சின்னப் பல்சக்கரத்தின் பெரிய நட்டைத் திருகப் பார்த்தார். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது. மறுபடி திருகினார், மறுபடி சுற்றியது. கட்டையைக் கொடுத்துப் பார்த்தார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்ததுதான் மிச்சம். சித்தப்பா கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் ஒரு மணி நேரம் பல் தேய்க்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் அவருக்குத் தாளவில்லை.

"ஏம்மா, உங்கப்பாகிட்டச் சொல்லு. நட்டைத் தளர்த்தின பொறவுதான் செயினைக் கழட்டணும். இப்ப பழைய செயினைத் திரும்ப மாட்டி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத் திருகினாத்தான் வரும். படிச்சவங்களுக்கு இது தெரியாது."

நான் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதைச் சேர்ப்பித்தேன். அப்பா பழைய செயினை எடுத்து, அதே கம்பியால் முடிந்து மாட்டினார். ஆனால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ஸ்பேனரையும் அழுத்த ஒரு ஆளால் ஆகாது. சித்தப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். அப்பா ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினார். "இன்னும் அழுத்தி மிதிக்கணுமாம்", "குழாயை இன்னும் வெளியே இழுத்துப் பிடிக்கணுமாம்" என்று நடுவில் நின்று நான் அஞ்சல் செய்தேன். டக்கென்று ஒரு சத்தம். நட்டு அசைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். அப்பாவின் முட்டியில் ரத்தம் வடிவதைப் பார்த்து சித்தப்பாவின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. எடுத்தவர், அதை என்னிடம் நீட்டினார். நான் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கட்டிக்கொண்டார். தாத்தாவுக்கு ஒரே பிண்டம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. பின்சக்கரத்தைக் கழற்றிப் பெரிய பல்சக்கரத்தை மாற்றினார்கள். சின்னதை மாட்டி நட்டை முறுக்கினார்கள். புதுச் செயினைச் சுற்றிவிட்டு, அதன் இரண்டு முனைகளையும் வண்டிக்கு அடியில், கீழ்ப்பக்கமாக ஓடுகிற இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இனி லாக் போட வேண்டியதுதான். அது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு எஃகுத் தகடு. ஒரு பக்கம் உருண்டையாக மூடியிருக்கும், மறுபக்கம் வால்போலப் பிளந்திருக்கும். சித்தப்பா அதை மீன் என்பார். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மீனின் தலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிலாவது இடித்து, வால் விரிந்து, கழன்றுவிடும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அப்பா மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இத்துனூண்டு தகடு. இதுதான் கழண்டு விழுந்துச்சாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சித்தப்பாவிடமும் சொல்லவில்லை, தகட்டிடம் சொன்னார். சித்தப்பா எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் முகம் சிவந்திருந்தது. தண்ணீரை இறைத்துக் காலில் ஊற்றிக்கொண்டே, அப்பா காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்.

"கீழ்ப்பக்கம் செயின் பின்னாடிதான் ஓடும். அதனால மீன் பின்னாடி பாக்கணும்னு போய்ச் சொல்லு. எந்நேரமும் பின்னாடியே பாத்துக்கிட்டு இருக்கறவருதானே, அது ஒண்ணும் கஷ்டமா இருக்காது."

வழக்கம்போல முள்ளை எடுக்கப் பார்த்தேன். ஆனால் இந்தத் தடவை எது முள், எது மீன் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பின்னாடி என்ற வார்த்தையே குத்தல் என்று பட்டது. வண்டி முன்னால் போகும்போது மீன் மட்டும் எதற்குப் பின்னால் பார்க்கும்? சித்தப்பா கோபத்தில் அப்பாவைக் கேலி செய்கிறார், இதைப் போய்ச் சொன்னால் கட்டிய துண்டையும் அவிழ்த்து எறிந்துவிடுவார் என்று பயந்தேன். கிணற்றடிக்கும் வண்டிக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் சமாதானத்துக்காகச் செய்தியை மாற்றினேன்.

"மீன் முன்னாடி பாக்கணுமாம்ப்பா."

அப்பா அப்படியே போட்டார். வண்டியைக் கிளப்பிச் சந்துக்குள் இரண்டு தரம் ஓட்டிக் காட்டினார். செயின் கரகரக்காமல் ஓடியது. சித்தப்பா தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று வண்டிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதை நான் பார்த்தேன். மூன்று நாள் அப்பா கொள்ளிடம் பாலம் தாண்டி மில்லுக்குப் போய் வந்தார். மீனை நான் மறந்தே போனேன்.

திதிக்கு முதல்நாள், ஐயருக்குப் பதில் சொல்வதற்காக மத்தியானமே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அப்பா மில்லுக்குப் போனார். என்ன பதில் சொல்வதாக இருந்தார் என்று அம்மாவுக்கும் தெரியாது. திதிக்காக அத்தை ஊரிலிருந்து வந்திருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா அவள். நாக்கில் சனி என்று அம்மா துணியிடம் சொல்லியிருக்கிறாள். ஐயர் பன்னிரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, அப்பாவைக் காணோம். கத்திரி வெயில் கொல்லையில் கொதித்தது.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "முடிவைச் சொல்ல மனசில்லாம வேணும்னே வராம இருக்கான். வந்து கேட்டா, இவனும் செயின் கழண்டுச்சும்பான்" என்றாள்.

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கழண்டிருந்தாலும் கழண்டிருக்கும்க்கா" என்றார். எழுந்து வெளியே போனார்.

பின்னாடி பாக்கணும்னு போய்ச் சொல்லு. அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. அப்பா ரோட்டில் விழுந்து கிடக்கிறார், நான்தான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அழக்கூடப் பயமாக இருந்தது. சித்தப்பாவின் பின்னாலேயே ஓடினேன். அவர் தெருமுனை வரை போனார், திரும்பினார், மறுபடி தெருமுனைக்குப் போனார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்பா நடந்த அதே தூரம்தான். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்து திறந்து மூடினேன்.

மூன்று மணி சுமாருக்கு அப்பா வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை முழங்கை வரை கறுப்பு. ஹேண்டில் பாரில் துண்டைச் சுற்றிச் செயினைத் தொங்கவிட்டிருந்தார். மண்ணச்சநல்லூர் தாண்டி டோல்கேட் வருவதற்குள் கழன்றதாம். அங்கிருந்து கொள்ளிடம் பாலம் முழுக்க அந்த வெயிலில் தள்ளியிருக்கிறார். சித்தப்பா நின்ற இடத்துக்கு நாலடி முன்னால் வண்டியை நிறுத்தினார்.

எனக்கு என் வேலை தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தார்.

"செயின் கழண்டுடுச்சுடா."

சித்தப்பா தொங்குகிற செயினைப் பார்த்தார். அப்பாதான் மறுபடியும் பேசினார். "லாக் எங்க தெறிச்சுதுன்னே தெரியல. ரோடு பூரா தேடிப் பாத்தேன். கிடைக்கல."

"கிடைக்காதுண்ணே" என்றார் சித்தப்பா. "நானும் தேடினேன்."

சொல்லிவிட்டு, வண்டியின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, நடுத்தெருவில் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா ஹேண்டில் பாரை விடவில்லை. அவர் கண்ணிலும் நீர் வழிந்தது, கை கறுப்பாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் பயந்துபோய், நான்தான் மாற்றிச் சொன்னேன், மீன் பின்னாடி பார்க்க வேண்டும் என்றுதான் சித்தப்பா சொன்னார் என்று கத்தினேன். ஒருவரும் அடிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். அப்பா அந்தக் கறுப்புக் கையை என் தலையில் வைத்து, "சரிம்மா, சரி" என்றார். பிறகு அவர் முன்னால் பிடிக்க, சித்தப்பா பின்னால் தள்ள, வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அம்மாமண்டபத்தில் இரண்டு பேரும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எள்ளும் தண்ணீரும் விட்ட கைகளில் நகக்கண் கறுப்பு இன்னும் போகவில்லை. தாத்தாவுக்கு வழி தெரிந்திருக்கும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் மற்றது ஒன்றும் விளங்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் என்னை உட்கார வைத்து, தலையில் அப்பியிருந்த கிரீஸைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். சித்தி தண்ணீர் ஊற்றினாள். இருவரும் துணியைப் பார்க்காமல் நேராகவே பேசிக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். தப்பு செய்தது நான். என்னை ஒருவரும் திட்டவில்லை. ஒரு செயின் கழன்றதற்குப் பெரியவர்கள் எதற்கு அப்படி அழ வேண்டும்?

அம்மா என் முகத்தில் வழிந்த நுரையைத் துடைத்தாள்.

"போன வருசமும் கழண்டுச்சில்லம்மா" என்றாள்.

"அது பழைய செயினாச்சேம்மா" என்றேன் நான்.